வேன்காரம்மாவின் துப்பாக்கி

வேன்காரம்மா தினமும் சாயங்காலம் ஆள்களைச் சுடுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி நிறுத்தி, முகம் அலம்பி, ஒரு டம்ளர் டீயோடு டிவி முன்னால் உட்காருவாள். காதில் ஹெட்போன் ஏறும், கையில் கன்ட்ரோலர் ஏறும். அப்புறம் இருட்டும்வரை அந்தத் தெருவில் அவள் குரலைத் தவிர வேறு எதுவும் கேட்காது.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூட்டுவலி உண்டு. இந்த வயதில் ஒரு பொம்பளைக்கு இது தேவையா என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும். அக்கம்பக்கத்தில் தோன்றாதவர்களே இல்லை. அவள் அதற்காகச் சத்தத்தைக் குறைத்ததும் இல்லை.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது மருமகனின் பழைய கேம் பெட்டி இங்கேயே தங்கிவிட்டது. தூசி தட்டுகிற சாக்கில் ஒருநாள் போட்டுப் பார்த்தாள். முதல் வாரம் அவளைச் சுடவேண்டிய சிரமத்தை எதிரிகளுக்கு அவள் கொடுக்கவே இல்லை, தானாகவே மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்துக்கொண்டிருந்தாள். ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவள் எதையும் கற்றுக்கொள்வாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

இப்போது அவளையும் சேர்த்து நாலு பேர் கொண்ட அணி இருக்கிறது. ஒருவர் தையல்காரர், ஊசி கோக்கிற கை, குறி தப்பாது. ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். இன்னொருவர் ரிட்டயரான தபால்காரர். ஆட்டத்தில் எந்தத் தெருவில் விட்டாலும் வழி தெரியாமல் முழிப்பார், இத்தனை வருஷம் தபாலை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தாரோ. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் பழக்கம். வேன்காரம்மாதான் கேப்டன், அவளுக்குச் சந்துபொந்தெல்லாம் ஒரு தடவை போனால் மறக்காது.

வண்டியில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளம்புமுன் கண்ணாடியைப் பார்த்து "உட்கார்ந்தாச்சா?" என்று கேட்பாள். கடைசி சீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பிள்ளையாக "உட்கார்ந்தாச்சு" என்று சொல்லவேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் கியர் விழாது. பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அடித்துக்கொண்டு கிடக்கட்டும். ஆட்டத்திலும் இதே கதைதான். "இருக்கீங்களா?" என்பாள். மூன்று பேரும் "இருக்கேன்" என்று சொன்னபிறகுதான் கதவை உடைக்க விடுவாள். தபால்காரர் பதில் சொல்ல மறந்துவிடுவார், மற்ற இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

வண்டி வந்த கதையையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

அவளுக்கு ஒரு புருஷன் இருந்தார். அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற வேலை. சாந்த சொரூபி என்று எல்லாரும் சொல்வார்கள். தரையில் எறும்பு போனால் காலைத் தூக்கித் தாண்டிப் போவார். டிவியில் சண்டைப் படம் ஓடினால் "என்ன கருமம் இது" என்று சேனலை மாற்றிவிடுவார். கை மட்டும் வீட்டுக்குள் சும்மா இருக்காது. அடித்து முடித்ததும் அவருக்கு ஒரு வார்த்தை வேண்டும். "இனிமே மாட்டேன்னு சொல்லு" என்பார். எதைச் செய்யமாட்டாள் என்பது நாளுக்கு நாள் மாறும். இனிமேல் சத்தமாகச் சிரிக்கமாட்டேன். இனிமேல் அண்ணனுக்குப் போன் பண்ணமாட்டேன். இனிமேல் வாசலில் நிற்கமாட்டேன். அவள் சொல்லிவிடுவாள். சொன்னதும் அவர் சாந்தமாகிக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் ஒரு கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் அந்தக் குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு, "இனிமே மாட்டேன்பா" என்றது. அந்த வார்த்தை தன் வாயில் இருந்தவரை வேன்காரம்மா தாங்கினாள், மகள் வாய்க்கு வந்தபிறகு தாங்கமுடியவில்லை. அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள், பிறகுதான் இந்த வேன் வந்தது. புருஷன் வீட்டு வாசலைத் தாண்டிய நாளிலிருந்து அந்த இரண்டு வார்த்தைகளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தப்பு செய்தால் "தப்புதான்" என்பாள். அதோடு சரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு டயர் வந்து குறுக்கே விழுந்தது.

மறுநாள் டயர் மாற்றவேண்டும், வண்டி கொஞ்சம் தாமதமாக வரும். இதைப் பெற்றோர் குரூப்பில் சொல்லவேண்டும். ஆட்டம் தொடங்கப் போகிற நேரம். போனில் மைக் பொத்தானை மேலே தள்ளிப் பூட்டினாள். அப்படிப் பூட்டிவிட்டால் விரலை எடுத்தாலும் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோலர் பிடித்த கைக்கு அது வசதி. பேசி முடித்து அனுப்புவதற்குள் மாடியில் ஒரு எதிரி தலை தெரிந்தது. போனை மடியில் போட்டாள். ஆட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது, அட, அனுப்பவே இல்லையே என்று அம்புக்குறியை ஒரு தட்டு தட்டிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

குரூப்பில் போய் விழுந்தது இதுதான்.

"எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு டயர் மாத்தணும், வண்டி கொஞ்சம் லேட்டா வரும். பிள்ளைங்கள வெயில்ல நிக்க வைக்காதீங்க. யோவ் தையலு, மாடில ஒருத்தன் நிக்கிறான் பாரு. தலையில போடு. போடுய்யா. ம், செத்தான். நர்ஸம்மா, கதவுக்குப் பின்னால ரெண்டு பேரு, குண்ட வீசு. ஒருத்தனையும் உயிரோட விடாத. தபாலு எங்க போய்த் தொலைஞ்சாரு? சாவுடா சனியனே, சாவு…"

நடுநடுவே டிவியிலிருந்து இயந்திரத் துப்பாக்கிச் சத்தம் வேறு. கடைசியில் அவள் டீயை உறிஞ்சுகிற சத்தமும் தெளிவாகக் கேட்டது.

அது கேம்தான் என்று எல்லாருக்கும் புரிந்தது. புரிந்ததால் நிம்மதி வரவில்லை. ஒரே ஒருவர் "தகவலுக்கு நன்றி" என்று போட்டிருந்தார், டயரோடு கேட்பதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

நேரமும் கெட்ட நேரம். அந்த வாரம்தான் எங்கோ ஓர் ஊரில் ஓர் இளைஞன் பக்கத்து வீட்டுக்காரரைக் கத்தியால் குத்திவிட்டான். அவன் அறையில் கேம் பெட்டி இருந்தது என்று டிவியில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். பற்றாக்குறைக்கு இந்தப் பிள்ளைகள். மறுநாள் காலை வேன்காரம்மா "உட்கார்ந்தாச்சா?" என்று கேட்க, கடைசி சீட்டிலிருந்து "உட்கார்ந்தாச்சு கேப்டன், தலையில போடலாமா?" என்று பதில் வந்தது. வண்டி முழுக்கச் சிரிப்பு.

"அது பெரியவங்க ஆட்டம். இந்த வண்டில உட்கார்ந்தாச்சு மட்டும்தான்" என்றாள் அவள். சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அதனால் அது எடுபடவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வீடு பிள்ளைகள் விரலைத் துப்பாக்கியாக்கித் தலையில் போட்டார்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பியிருந்தார். போவதற்கு முன் மகள் போன் பண்ணினாள்.

"அம்மா, இனிமே ஆட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துடும்மா. யாரு வந்து எட்டிப் பாக்கப் போறாங்க? அப்புறம் சத்தத்தக் கொறச்சுக்கிட்டு மெதுவாப் பேசி ஆடிக்கோ."

"நீ சின்ன வயசுல டம்ளர உடச்சது ஞாபகம் இருக்கா?"

"எந்த டம்ளரு?"

"ஒண்ணுமில்ல, விடு." மகள் அதை மறந்துபோயிருந்ததில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் கூட்டத்துக்குப் போனாள்.

ஒன்றாம் வகுப்பு அறை. முட்டி மோவாயை இடிக்கிற அளவுக்குச் சின்ன நாற்காலிகள். அதில் அப்பாக்களும் அம்மாக்களும் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சை ஆரம்பித்தவர் காப்பீட்டு ஏஜென்ட். இரட்டைப் பெண்குழந்தைகளின் அப்பா. நல்ல மனிதர்தான், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆபத்தைப் பற்றிப் பேசிப் பேசியே பிழைக்கிறவர் என்பதால் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஆபத்தாகத் தெரியும்.

"உங்களக் கெட்டவங்கன்னு நான் சொல்லலம்மா. ஆனா தினமும் கொல்லு கொல்லுன்னு கத்துற மனசு ஒருநாள் ரோட்டுல என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பையன் வீட்டுலயும் இதே கேம் பெட்டிதான் இருந்துச்சு."

"வேற என்னென்ன இருந்துச்சுன்னு யாராவது பாத்தாங்களா சார்?"

"அப்படின்னா?"

"அவன யாராவது அடிச்சு வளத்தாங்களா, அவனுக்கு மனசு சரியில்லாம இருந்துச்சா, பக்கத்து வீட்டுக்காரரோட என்ன தகராறு, ஒண்ணும் தெரியல. பெட்டி மட்டும் தெரிஞ்சுச்சு. எடுத்துக் காட்ட அதுதான் சுலபம்."

ஓர் அம்மா குறுக்கிட்டாள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல இதெல்லாம்?"

"பிடிச்சிருக்கு."

வேன்காரம்மாவே தொடர்ந்தாள்.

"குரூப்புல அது வந்தது என் தப்புதான். பிள்ளைங்க காதுல விழுந்திருக்கக் கூடாது. கேம் ஆடினா ஒண்ணுமே ஆகாதுன்னும் நான் சொல்ல வரல. என் வாய் கெட்டுப்போச்சு, எனக்கே தெரியுது. அடுப்புல வச்ச பால் எத்தனையோ நாள் பொங்கி வழிஞ்சிருக்கு. கை மட்டும் கெடல சார். இத்தனை வருஷத்துல உங்க பிள்ளைங்கள்ல ஒருத்தரயாவது நான் அதட்டி உட்கார வச்சிருக்கேனா, கேட்டுப் பாருங்க."

தலைமை ஆசிரியை நெற்றியைத் தடவிக்கொண்டார். அவருக்கு இந்தப் பஞ்சாயத்து சீக்கிரம் முடிந்தால் போதும். "அதெல்லாம் சரிம்மா. இனிமே ஆட மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பிரச்சனை தீர்ந்துடும். திங்கட்கிழமைலேர்ந்து வழக்கம்போல வண்டி ஓடட்டும்."

எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மனது பண்ணித்தான் கேட்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஒரு வார்த்தை. சொன்னால் வண்டி பிழைக்கும், சொல்லாவிட்டால் சீட்டெல்லாம் காலியாகிவிடும். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. அவள் அந்தச் சின்ன நாற்காலியிலிருந்து மூட்டு நோக எழுந்து நின்றாள்.

"மாட்டேன்."

"ஆட மாட்டேன்னு சொல்றீங்களா?" ஏஜென்ட் முகம் மலர்ந்தது.

"சொல்ல மாட்டேன்னு சொல்றேன். என் வீட்டுக்காரர் ஒருநாளும் ஒரு கேம் ஆடினதில்ல. சண்டைப் படம்கூடப் பாக்க மாட்டார். அவர் கை பட்டு என் காது ஒண்ணு இன்னும் சரியாக் கேக்காது, அதனாலதான் நான் கத்திப் பேசுறேன். ஒவ்வொரு தடவையும் அடிச்சுட்டு, இனிமே மாட்டேன்னு சொல்லுன்னு நிப்பார். செய்யாத தப்புக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேஞ்சுபோச்சு. அதோட அந்த வார்த்தைய விட்டுட்டேன். வண்டி ஓட்டுறது எப்படின்னு கேளுங்க, பதில் சொல்றேன். வண்டியோட ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் பாருங்க, பிரேக் பாருங்க. என் வீட்டுக்குள்ள சாயங்காலம் நான் என்ன பண்றேன்னு கேட்டு, இனிமே மாட்டேன்னு சொல்ல வைக்க நீங்க யாரு?"

அவள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். சொன்னதற்காக வருத்தப்பட்டாளா என்றால், இல்லை. பயந்தாள், அது வேறு.

திங்கட்கிழமை பாதி வீட்டு வாசலில் பிள்ளைகள் இல்லை. அப்பாக்களே காரிலும் பைக்கிலும் கொண்டுபோய் விட்டார்கள். காலி சீட்டுகளோடு வண்டி கடகடவென்று சத்தம் போட்டது. "உட்கார்ந்தாச்சா?" என்று கேட்டால் சட்டென்று முடிந்துவிடுகிற அளவுக்குத்தான் பதில். சிக்னலில் பக்கத்துக் காரில் இரட்டையர் இருவரும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவளுக்குக் கை காட்டினார்கள். அவள் பதிலுக்குக் கை காட்டினாள். ஏஜென்ட் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் ஆட்டத்தில் தபால்காரர் கேட்டார், "கேப்டன், குரல் ஒரு மாதிரி இருக்கே?" அவள் விஷயத்தைச் சொன்னாள். அதைக் கேட்ட நர்ஸ், "கதவ உடைக்கலாமா?" என்றாள். "இருக்கீங்களா?" என்றாள் வேன்காரம்மா. மூன்று பேரும் இருந்தார்கள், தபால்காரர்கூட உடனே சொன்னார்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்ப இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் ஒரே நெரிசல். இத்தனை காரும் முன்பு அங்கே வந்ததில்லை. ஏஜென்ட்டின் காரை ஒரு பைக் உரசி, பக்கக் கண்ணாடி மடங்கிக்கொண்டது. அவ்வளவுதான். ஏஜென்ட் இறங்கினார். வாயைத் திறந்தார். குரூப்பில் வந்ததெல்லாம் தாலாட்டு என்று சொல்லத்தக்க வார்த்தைகள் வந்தன. பைக்கில் வந்தவன் சட்டையைப் பிடித்தார். அவன் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டால் ஒன்று போட்டான். இவர் திருப்பி அறைந்தார்.

வேன்காரம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சதையில் கை விழுகிற சத்தம். எத்தனை ஆயிரம் பேரை அவள் டிவியில் சுட்டிருப்பாள், அந்தப் பெட்டியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. அது அவளுக்குத் தெரிந்த சத்தம், வேறொரு வீட்டுச் சத்தம். கேளாத காதிலும் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் காரின் பின்சீட்டில் இரண்டு தலைகளைப் பார்த்தாள்.

இறங்கி ஓடினாள். சண்டைக்காரர்களை விலக்க நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் பாட்டைப் பார்க்கட்டும். இவள் காரின் பின்கதவைத் திறந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் வெளியே தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு குனிந்தாள். ஒன்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது. இன்னொன்றுக்கு அழுகைகூட வரவில்லை.

"இங்க பாருங்க. என்னைப் பாருங்க. உட்கார்ந்தாச்சா?"

அவள் காத்திருந்தாள். அவளுக்குத்தான் காத்திருக்கத் தெரியுமே.

"உட்கார்ந்தாச்சு" என்றது ஒன்று. கொஞ்சம் கழித்து மற்றதும் சொன்னது. அதன்பிறகு இருவரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டுபோய் வகுப்பில் விட்டுவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது ஏஜென்ட் காரின் மேல் சாய்ந்து, வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவள் டீயோடு உட்காரப் போகிற நேரம் வாசலில் நிழல் தட்டியது. ஏஜென்ட். உதடு வீங்கி, பேச்சு குழறியது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் படியிலேயே நின்றார்.

"பிள்ளைங்க ரெண்டும் என்கூடக் கார்ல வரமாட்டேங்குதுங்கம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. "சாயங்காலம் கூப்பிடப் போனேன். என் கைய ஓங்கிடுவேனோன்னு பாக்குற மாதிரி பாத்துதுங்க. நான் ஒருநாளும் அதுங்கமேல கை வச்சதில்ல."

அவள் நம்பினாள். நம்பினாலும் அந்தப் பிள்ளைகளின் பார்வை எப்படி இருந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எனக்கு அப்ப என்ன வந்துச்சுன்னே தெரியலம்மா. அன்னைக்குக் கூட்டத்துல உங்கள நிக்க வச்சு…" அவர் கைக்குட்டையை உதட்டில் ஒற்றினார். "நாளைக்கு வண்டி எங்க வாசலுக்கு வருமா? நான் வேணும்னா எல்லார் முன்னாடியும் சொல்றேன். இனிமே நான்…"

"சார்." அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "அந்த வார்த்தை இந்த வாசல்ல வேணாம். நானும் சொல்ல மாட்டேன், இன்னொருத்தர் வாயிலேர்ந்தும் வாங்க மாட்டேன்."

அவர் விழித்தார்.

"பிள்ளைங்ககிட்ட போய் நான் பண்ணினது தப்புன்னு சொல்லுங்க. அது போதும். காலைல வழக்கமான நேரத்துக்கு வாசல்ல நிக்கச் சொல்லுங்க, வண்டி வரும். இப்பக் கிளம்புங்க, எனக்கு ஆட்டம் ஆரம்பிச்சுடுச்சு."

அவர் படியிறங்கி கேட்டுக்குப் போவதற்குள் அவள் உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தவில்லை. ஜன்னலையும் திறந்தே வைத்தாள். "இருக்கீங்களா?" என்ற குரல் தெருக்கோடிவரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதைவிடச் சத்தமாக, "தையலு, மாடில ஒருத்தன், தலையில போடு" என்பதும் கேட்டது.